வந்து சேர்ந்ததற்கு ஒரு சீட்டு

லேண்ட்லைன் போய்விட்டது. மெஷினும் போய்விட்டது. ஃபேக்ஸ் மட்டும் ஏன் போகவில்லை? புதுக்கோட்டை மாவட்டம் குளத்தூர் வட்டத்திலிருந்து ஒரு பார்வை.

மாலை ஆறரை மணி. அமெரிக்காவின் கிழக்குக் கரையில் கோடைக்காலக் கணக்குப்படி அப்போது காலை ஒன்பது. அங்கே மருத்துவக் காப்பீட்டு நிறுவனங்கள் கதவைத் திறக்கிற நேரத்தில், திருச்சியின் மெடிக்கல் பில்லிங் அலுவலகங்களில் இரவு ஷிஃப்ட் தொடங்குகிறது. கீரனூர், குளத்தூர் பக்கத்திலிருந்து டிகிரி முடித்துப் போன பிள்ளைகளும் அந்த ஹெட்செட்டுகளை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ‘ஏ.ஆர். காலர்’ என்பது வேலையின் பெயர். அமெரிக்க மருத்துவமனை அனுப்பிய கிளைமைக் காப்பீட்டு நிறுவனம் ஏன் தள்ளியது என்று விசாரித்து, அப்பீல் போட்டு, பணத்தை வரவைக்க வேண்டும். பேச்சு முடிகிற தறுவாயில் அவர்கள் கேட்கும் வழக்கமான கேள்வி ஒன்று உண்டு: “அப்பீல் அனுப்ப ஃபேக்ஸ் நம்பர் சொல்லுங்கள்.”

எண் கிடைத்ததும் கணினியில் இருக்கும் பி.டி.எஃப். கோப்பை இணைத்து ஒரு பொத்தானை அழுத்துகிறார்கள். அந்த அலுவலகத்தில் ஃபேக்ஸ் மெஷின் கிடையாது. அதற்கென்று ஒரு தொலைபேசி லைனும் இழுக்கப்படவில்லை. சில நிமிடங்களில் ஓர் அறிக்கை திரும்பி வருகிறது. எந்த எண்ணுக்குப் போனது, எத்தனை பக்கம், எந்த நேரம், சேர்ந்ததா இல்லையா என்பதெல்லாம் அதில் இருக்கும். அதைச் சேமித்து வைத்த பிறகுதான் அன்றைய கணக்கில் அந்த வேலை முடிந்ததாக அர்த்தம். கெடுவுக்குள் அப்பீல் வரவில்லை என்று நாளைக்குக் காப்பீட்டு நிறுவனம் சொன்னால், எடுத்துக் காட்ட அந்த அறிக்கைதான் இருக்கிறது.

கீரனூர் கடைத்தெருவில் ஃபேக்ஸ் மெஷினை இன்று தேடினாலும் கிடைப்பது அரிது. பத்தாம் வகுப்புப் பிள்ளையிடம் கேட்டால் அது என்னவென்றே தெரியாது. அதே ஊர்ப் பிள்ளைகள் இரவெல்லாம் ஃபேக்ஸ் அனுப்பிச் சம்பளம் வாங்குகிறார்கள். இந்த முரண் எப்படி வந்தது? லேண்ட்லைன் இல்லாமல் ஃபேக்ஸ் எப்படிப் போகிறது? குளத்தூர் வட்டத்தில் சின்னதாகத் தொழில் செய்கிற ஒருவரிடம் வெளிநாட்டு வாடிக்கையாளரோ வங்கியோ “ஃபேக்ஸில் அனுப்புங்கள்” என்று கேட்டால் அவர் என்ன செய்யலாம்?

மஞ்சள் பலகைக் காலம்

திருச்சி – புதுக்கோட்டை சாலையில், குளத்தூர் வட்டத்துக்குள் இருக்கிறது மாத்தூர் தொழிற்பேட்டை. 1965-இல் திருச்சியில் பெல் நிறுவனத்தின் கொதிகலன் ஆலை எழுந்த பிறகு, அதற்கு உதிரி வேலை செய்து கொடுக்கும் ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் சுற்றுவட்டாரத்தில் முளைத்தன. மாத்தூரும் அப்படி வளர்ந்த ஒன்று. தொண்ணூறுகளில் இந்த மாதிரித் தொழிற்பேட்டைகளின் நரம்பாக இருந்தது ஃபேக்ஸ். விசாரணைக் கடிதம் ஃபேக்ஸில் வரும்; கொட்டேஷன் ஃபேக்ஸில் போகும்; பர்ச்சேஸ் ஆர்டரின் நகலும், இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஆள் வரும் தேதியும் ஃபேக்ஸில்தான். டிராயிங்கில் ஓர் அளவு மாறினால் அந்தப் பகுதியை மட்டும் பேனாவால் வட்டமிட்டு அனுப்புவார்கள்.

மெஷின் வாங்க முடியாதவர்களுக்கு மஞ்சள் பலகைக் கடைகள் இருந்தன. ‘எஸ்.டி.டி., ஐ.எஸ்.டி., பி.சி.ஓ., ஃபேக்ஸ், ஜெராக்ஸ்’ என்று ஒரே மூச்சில் படிக்க வேண்டிய பலகை. வெளியூர்க் கட்டணம் இரவில் குறையும் என்பதால், அவசரமில்லாத ஃபேக்ஸைச் சாப்பாட்டுக்குப் பிறகு கொண்டுபோய்க் கொடுப்பவர்கள் உண்டு. எதிர்முனையில் யாராவது ரிசீவரை எடுத்து “ஹலோ” என்றால், “ஃபேக்ஸ் டோன் குடுங்க சார்” என்று கடைக்காரர் கேட்பார். ஒரு கீச்சொலி. பிறகு தாள் மெல்ல உள்ளே போகும்.

வந்து விழும் தாளோ வழவழப்பான தெர்மல் ரோல். வெப்பம் பட்டால் கறுக்கும். நாள்பட்டால் எழுத்து மங்கிப் போகும். அதனால் முக்கியமான ஃபேக்ஸ் வந்த உடனே அதை ஜெராக்ஸ் எடுத்து, ஜெராக்ஸைத்தான் ஃபைலில் கோப்பார்கள். அனுப்பியவர் பக்கத்திலும் ஒரு சடங்கு இருந்தது. தாள் போய் முடிந்ததும் மெஷின் ஒரு சின்னச் சீட்டைத் துப்பும். தேதி, நேரம், எண், பக்கங்கள், கடைசியில் ‘ஓகே’. அந்தச் சீட்டை மூலக் கடிதத்தோடு பின் அடித்து வைப்பார்கள். “எனக்கு வரவே இல்லையே” என்று எதிராளி சொல்ல முடியாது. எழுத்து மங்கிய கடிதத்தைக்கூட மறுபடி கேட்டு வாங்கிவிடலாம். சீட்டு தொலைந்தால் திரும்பக் கிடைக்காது.

ஃபேக்ஸின் கதையில் கவனிக்க வேண்டியது இந்தச் சீட்டைத்தான். படத்தை இடம்விட்டு இடம் அனுப்ப எத்தனையோ வழிகள் வந்துவிட்டன. ‘வந்து சேர்ந்தது’ என்று எதிர்முனையே தன் வாயால் சொல்லி, அதை அனுப்பியவர் கையில் கொடுக்கும் வழிகள் அவ்வளவு இல்லை.

சொந்த ஃபேக்ஸே தோற்கடித்த வழக்கு

இந்தச் சீட்டின் வலிமையை ஒரு பெங்களூரு பட்டு ஏற்றுமதி நிறுவனம் கசப்பாகத் தெரிந்துகொண்டது. அமெரிக்காவிலிருந்த ஒரு நிறுவனத்துக்குச் சரக்கு அனுப்பி, பின்தேதியிட்ட காசோலைகள் வாங்கியிருந்தது. 1996 மே மாதம் வங்கியில் போட்டபோது இரண்டு காசோலைகள் பணமில்லாமல் திரும்பின. காசோலை மோசடிக்கான சட்டப்படி முதலில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அது கிடைத்து 15 நாளில் பணம் வராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் வழக்குப் போட வேண்டும். நிறுவனம் 1996 ஜூன் 11 அன்று நோட்டீஸை ஃபேக்ஸில் அனுப்பியது. எதற்கும் இருக்கட்டும் என்று மறுநாள் அதையே பதிவுத் தபாலிலும் அனுப்பியது. தபால் ஜூன் 25-இல் போய்ச் சேர்ந்தது. ஆகஸ்ட் 8-இல் வழக்குத் தாக்கலானது.

தபாலிலிருந்து கணக்கிட்டால் வழக்கு கெடுவுக்குள் வருகிறது. ஃபேக்ஸிலிருந்து கணக்கிட்டால் கெடு ஜூலையிலேயே முடிந்துவிடுகிறது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஃபேக்ஸில் அனுப்புவதும் எழுத்துமூலமான நோட்டீஸ்தான், அது சேர்ந்த நாளிலிருந்தே கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும் என்று 1999-இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டத்தை எழுதியவர்கள் அறிவியல் முன்னேற்றத்துக்குக் கதவைச் சாத்திவிட்டதாகக் கருத முடியாது என்பது அதன் பார்வை. விளைவு, பட்டு நிறுவனத்தின் சொந்த ஃபேக்ஸே அதன் வழக்கைக் காலாவதியாக்கிவிட்டது. தாமதத்தை மன்னிக்கும் அதிகாரம் நீதிமன்றங்களுக்கு 2002 சட்டத் திருத்தத்தில்தான் வந்தது. ‘எக்ஸிம் எய்ட்ஸ் சில்க் எக்ஸ்போர்ட்டர்ஸ் வழக்கு’ என்று சொன்னால் காசோலை வழக்கு நடத்தும் வழக்கறிஞர்களுக்கு இன்றும் தெரியும்.

இதற்கு நேர் எதிர்த் திசையில் ஒரு சம்பவம் 2018 நவம்பர் 21 அன்று ஜம்மு காஷ்மீரில் நடந்தது. ஆட்சியமைக்க உரிமை கோரும் கடிதத்தை முன்னாள் முதல்வர் மெகபூபா முஃப்தி ஆளுநர் மாளிகைக்கு ஃபேக்ஸ் செய்ய முயன்றார். ஃபேக்ஸ் போகவில்லை என்று சொல்லி அந்தக் கடிதத்தை ட்விட்டரில் போட்டார். போட்டியாக உரிமை கோரிய சஜாத் லோன் தன் கடிதத்தை ஆளுநரின் உதவியாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அன்று இரவே ஆளுநர் சத்யபால் மாலிக் சட்டமன்றத்தைக் கலைத்தார். மீலாது நபி விடுமுறை என்பதால் ஃபேக்ஸைப் பார்க்க ஆளில்லை என்பது பிறகு அவர் கொடுத்த விளக்கம். ஃபேக்ஸ் கிடைத்திருந்தாலும் தன் முடிவு மாறியிருக்காது என்றும் அவர் சொன்னார். ஆனாலும் ஒரு மாநில அரசியலின் அந்த இரவில், கடிதம் சேர்ந்ததா என்ற கேள்விக்கு யார் கையிலும் சீட்டு இல்லை.

கம்பிக்குள் நடக்கும் உரையாடல்

ஃபேக்ஸ், தொலைபேசியைவிட வயதில் மூத்தது. ஸ்காட்லாந்துக்காரரான அலெக்சாண்டர் பெயின் படத்தைத் தந்திக்கம்பி வழியே அனுப்பும் கருவிக்கு 1843-இல் காப்புரிமை பெற்றார். கிரகாம் பெல் தொலைபேசிக்குக் காப்புரிமை வாங்கியது அதற்கு 33 ஆண்டுகள் கழித்து, 1876-இல். இத்தாலியரான ஜியோவன்னி கசெல்லியின் கருவியை வைத்து 1865-இலேயே பாரிஸுக்கும் லியோனுக்கும் இடையே வணிகச் சேவை நடந்தது. அலுவலக மேசைக்கு வந்தது மிகவும் பிந்தித்தான். 1966-இல் ஜெராக்ஸ் நிறுவனம் விற்ற டெலிகாப்பியர் ஒரு பக்கம் அனுப்ப ஆறு நிமிடம் எடுத்துக்கொண்டது. எந்த நிறுவனத்தின் மெஷினும் எந்த நிறுவனத்தின் மெஷினோடும் பேசலாம் என்ற நிலையை உறுதியாக்கியது, 1980-இல் வந்த ‘குரூப் 3’ என்ற உலகத் தரம். பக்கத்துக்கு ஏறத்தாழ ஒரு நிமிடம்தான். இன்றும் உலகில் ஓடும் ஃபேக்ஸ்களில் பெரும்பாலானவை அந்தத் தரத்தின் வழி வந்தவை.

அந்தக் கீச்சொலிக்குள் ஓர் ஒழுங்கான உரையாடல் நடக்கிறது. அழைக்கும் மெஷின் 1,100 ஹெர்ட்ஸில் விட்டு விட்டு ஒலிக்கும். எடுக்கும் மெஷின் 2,100 ஹெர்ட்ஸில் பதில் கொடுக்கும். என்னால் இவ்வளவு வேகத்தில் வாங்க முடியும் என்று ஒன்று சொல்ல, அப்படியானால் இந்த வேகத்தில் அனுப்புகிறேன் என்று மற்றது சொல்லும். ஒரு சோதனை ஓட்டம் நடக்கும். பிறகு பக்கம் போகும். ஒவ்வொரு கிடைக்கோடும் 1,728 புள்ளிகளாக, கறுப்பா வெளுப்பா என்று மட்டும் சொல்லிப் போகும். பக்கம் முடிந்ததும் வாங்கிய மெஷின் ஒப்புதல் சமிக்ஞை ஒன்றை அனுப்பும். அந்தச் சமிக்ஞை வந்தால்தான் அனுப்பிய மெஷின் ‘ஓகே’ என்று அச்சடிக்கும். எதிர்முனை மெஷினின் வாக்குமூலம்தான் அந்தச் சீட்டு. மனிதர் படித்தார் என்பதற்கு அது சாட்சியாகாது. பக்கம் முழுதாக அந்த எண்ணுக்குப் போய்ச் சேர்ந்தது என்பதற்குச் சாட்சி.

இந்த உரையாடலுக்கு வேண்டியது நடுவில் அறுபடாத, தாமதமில்லாத ஒலிப்பாதை. செப்புக்கம்பி லேண்ட்லைன் அதைக் கொடுத்தது. செல்போனால் முடியாது. செல்போன் நெட்வொர்க் மனிதக் குரலுக்கென்று ஒலியைச் சுருக்கி அனுப்புகிறது. காதுக்குத் தேவையில்லாததை வெட்டிவிடுவதால், ஃபேக்ஸின் நுட்பமான ஒலி அதில் சிதைந்து போகும். இணையவழித் தொலைபேசியிலும் இதே தொல்லைதான். ஒலி சின்னச் சின்னப் பொட்டலங்களாகப் போகும்போது ஒன்றிரண்டு தொலைந்தால் மனிதப் பேச்சில் தெரியாது. ஃபேக்ஸில் பாதிப் பக்கத்தோடு லைன் அறுந்துவிடும். ஃபைபர் இணைப்போடு வரும் தொலைபேசி எண்ணில் பழைய மெஷினை மாட்டியவர்கள் சிலருக்கு ஃபேக்ஸ் போவதும், சிலருக்குப் போகாததும் இதனால்தான். அந்தக் கண்ணாடி இழைக்குள் போவதும் இணையவழிக் குரலே.

தீர்வாக 1998-இல் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் இரண்டு தரங்களைக் கொண்டுவந்தது. டி.37 என்பது ஃபேக்ஸை மின்னஞ்சல் இணைப்பாக மாற்றிச் சேமித்து அனுப்பும் முறை. டி.38 என்பது ஒலியை விட்டுவிட்டு, ஃபேக்ஸ் மெஷின்கள் பேசிக்கொள்ளும் செய்தியை மட்டும் பிரித்து இணையத்தில் நேரடியாகக் கடத்தும் முறை. இணைய ஃபேக்ஸ் தொழிலுக்கு அடித்தளம் இவைதான்.

பெயர் குளத்தூரில், அலுவலகம் கீரனூரில்

லேண்ட்லைன் இல்லாமல் ஃபேக்ஸ் போகிறது என்றால், கம்பி ஒழிந்துவிட்டது என்று பொருள் கொள்ள வேண்டாம். அது நம் வீட்டிலிருந்து வேறோர் இடத்துக்கு மாறியிருக்கிறது. புதுக்கோட்டை சமஸ்தானக் காலத்தில் ஆலங்குடி, திருமயம், குளத்தூர் என்று மூன்று வட்டங்கள் இருந்தன. பெயர் குளத்தூர் வட்டம். தாலுகா அலுவலகமோ கீரனூரில். சான்றிதழில் குளத்தூர் என்று இருக்கும், முத்திரை குத்துவது கீரனூரில். இணைய ஃபேக்ஸ் எண்ணும் இப்படித்தான். எண் உங்களுடையது, அதற்குப் பதில் சொல்லும் கணினி எங்கேயோ ஒரு தரவு மையத்தில் இருக்கிறது.

நீங்கள் பி.டி.எஃப். கோப்பை நிறுவனத்தின் இணையதளத்திலோ செயலியிலோ ஏற்றுகிறீர்கள், அல்லது ஃபேக்ஸ் எண்ணையே மின்னஞ்சல் முகவரிபோல் எழுதி அனுப்புகிறீர்கள். அவர்களுடைய கணினி அந்தக் கோப்பைக் கறுப்பு வெள்ளைப் புள்ளிப்படமாக மாற்றுகிறது. பிறகு தொலைபேசி நெட்வொர்க்கில் அந்த எண்ணை அழைத்து, ஃபேக்ஸ் மெஷினைப் போலவே ஒலிகொடுத்துப் பேசுகிறது. லைன் பிஸியாக இருந்தால் மறுபடி முயல்கிறது. முடிந்ததும் அறிக்கை உங்கள் மின்னஞ்சலுக்கு வருகிறது. உங்களுக்கு ஒரு எண் வாடகைக்கு வாங்கினால், அதற்கு வரும் ஃபேக்ஸ் பி.டி.எஃப். ஆக மாறி உங்கள் இன்பாக்ஸில் விழும்.

இதற்கு முன்னோடி ஒரு விளையாட்டுத்தனமான பரிசோதனை. 1993-இல் கார்ல் மாலமூத், மார்ஷல் ரோஸ் என்ற இரு இணைய முன்னோடிகள் மின்னஞ்சலை ஃபேக்ஸாக மாற்றும் இலவச ஏற்பாட்டை நடத்தினார்கள். உலகெங்கும் தன்னார்வலர்கள் தங்கள் கணினியையும் தொலைபேசி லைனையும் கொடுத்து, தங்கள் ஊர் எண்களுக்கு ஃபேக்ஸைச் சேர்த்தார்கள். 1995-இல் ஜேஃபேக்ஸ் இதைக் கட்டணத் தொழிலாக்கியது. ஜேயே முல்லர் என்ற கிழக்கு ஜெர்மானிய இசைக்கலைஞர் அதன் நிறுவனர்களில் ஒருவர். 2000-இல் இஃபேக்ஸும் அந்த நிறுவனத்தோடு இணைந்தது. இன்று இஃபேக்ஸ், டிராப்பாக்ஸ் ஃபேக்ஸ், ஃபேக்ஸ்.பிளஸ் போன்ற பெயர்கள் இந்தச் சந்தையில் இருக்கின்றன.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அமெரிக்காவில் வாங்கும் பக்கமும் இப்போது பெரும்பாலும் இணைய ஃபேக்ஸ்தான். திருச்சியில் ஒருவர் பி.டி.எஃப். அனுப்புகிறார், அங்கே ஒருவர் பி.டி.எஃப். பெறுகிறார். நடுவில் இரண்டு கணினிகள் 1980-ஆம் ஆண்டு மெஷின்களாக நடித்து, கீச்சொலி எழுப்பி, ஒப்புதல் கொடுத்துக்கொள்கின்றன. அந்த நாடகம் நடந்தால்தான் சீட்டு செல்லும்.

இந்தியாவில் இந்தத் தொழில் பரவாததற்கு ஒரு சட்டக் காரணம் உண்டு. இணையத் தொலைபேசிக்கு 2002 ஏப்ரல் 1 முதல் அனுமதி கிடைத்தாலும், இணையத்திலிருந்து இந்தியாவுக்குள் இருக்கும் சாதாரணத் தொலைபேசி எண்ணை அழைக்கும் வழி அடைபட்டிருந்தது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2017-இல் பரிந்துரைத்த பிறகு, 2018-இல்தான் உரிமம் பெற்ற நிறுவனங்கள் தடையின்றி இணையத் தொலைபேசிச் சேவை தர வழி பிறந்தது. அந்த ஆண்டு பி.எஸ்.என்.எல். ‘விங்ஸ்’ என்ற சேவையை அறிவித்தது. அதற்குள் நம் ஊரில் தொழில் கடிதங்கள் மின்னஞ்சலுக்கும் வாட்ஸ்அப்புக்கும் போய்விட்டன. இந்திய ஃபேக்ஸ் எண் வேண்டுமென்றால் இன்றும் உரிமம் பெற்ற நிறுவனத்திடம்தான் போக வேண்டும், கே.ஒய்.சி. ஆவணமும் கொடுக்க வேண்டும். அமெரிக்க எண் வாங்குவது இதைவிட எளிது.

அனுப்பும் முன்: பெட்டிக் குறிப்பு

தேவையைப் பாருங்கள். ஆண்டுக்கு ஒன்றிரண்டு ஃபேக்ஸ் என்றால் மாதச் சந்தா வேண்டாம். ஃபேக்ஸ்ஜீரோ போன்ற தளங்களில் அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் சில பக்கங்களை இலவசமாகவே அனுப்பலாம். முகப்புத் தாளில் அவர்கள் விளம்பரம் இருக்கும். கொட்டேஷனுக்கு அது அழகாக இராது. மாதாமாதம் அனுப்புபவர் பக்கக் கணக்கில் திட்டம் எடுக்கலாம். பெறவும் வேண்டுமென்றால் மட்டும் எண் வாடகைக்கு எடுத்தால் போதும்.

எண்ணைச் சரியாக எழுதுங்கள். நாட்டுக் குறியீடு, ஊர்க் குறியீடு, எண் என்ற வரிசை. இந்திய எண்ணென்றால் 91-க்குப் பிறகு எஸ்.டி.டி. குறியீட்டின் முன்னால் இருக்கும் பூஜ்ஜியத்தை விட்டுவிட வேண்டும். புதுக்கோட்டையின் 04322 அங்கே 914322 ஆகும். எதிர்முனையில் ‘எக்ஸ்டென்ஷனை அழுத்துங்கள்’ என்று குரல் பேசும் எண்ணாக இருந்தால் ஃபேக்ஸ் சேராது. நேரடி எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

தாளைத் தயார் செய்யுங்கள். ஃபேக்ஸுக்குச் சாம்பல் நிறம் தெரியாது. ஹைலைட்டர் அடித்த இடம் கறுப்புப் பட்டையாகிவிடலாம். நிழலடித்த அட்டவணையில் எண்கள் காணாமல் போகும். அடையாள அட்டையின் நகலில் முகம் கறுப்புத் திட்டாகும். 200 டி.பி.ஐ. அளவில் கறுப்பு வெள்ளையாக ஸ்கேன் செய்து, ஃபேக்ஸ் போன பிறகு எப்படித் தெரியும் என்று திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். தமிழ் எழுத்தில் புள்ளியும் கொம்பும் சிதையாமல் இருக்க எழுத்தளவைக் கூட்டுங்கள். ‘ஃபைன்’ தரத்தைத் தேர்ந்தெடுத்தால் செங்குத்துத் துல்லியம் இரட்டிப்பாகும்.

சீட்டைச் சேமியுங்கள். ‘சமர்ப்பிக்கப்பட்டது’ என்ற முதல் மின்னஞ்சல் உங்கள் கோப்பு அவர்கள் கணினிக்குப் போனதற்கு மட்டுமே ஆதாரம். எதிர்முனை ஒப்புக்கொண்டதைச் சொல்லும் இரண்டாவது அறிக்கைதான் வேண்டும். பக்க எண்ணிக்கையைச் சரிபார்த்து, அனுப்பிய கோப்போடு ஒரே ஃபோல்டரில் வையுங்கள்.

ரகசியத்தை நினைவில் வையுங்கள். ஃபேக்ஸ் பாதுகாப்பானது என்பது பழைய நம்பிக்கை. 2018-இல் செக்பாயின்ட் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஒரு ஃபேக்ஸ் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு, கெடுதல் செய்யும் படமொன்றை அனுப்பி, ஆல்-இன்-ஒன் பிரிண்டருக்குள் நுழைந்து காட்டினார்கள். அங்கிருந்து அலுவலக நெட்வொர்க்குக்குள் போகவும் முடிந்தது. இணைய ஃபேக்ஸில் உங்கள் ஆவணம் மூன்றாம் ஆள் கணினியில் தங்குகிறது. வங்கிக் கணக்கு விவரமும் மருத்துவ ஆவணமும் இலவசத் தளத்தில் போக வேண்டாம். எண்ணில் ஓர் இலக்கம் தவறினாலும் தாள் முகம் தெரியாதவர் மேசையில் விழும். அதைத் திரும்பப் பெற வழியில்லை.

யார் இன்னும் கேட்கிறார்கள்?

அமெரிக்க மருத்துவத் துறைதான் ஃபேக்ஸின் பெரிய கோட்டை. அரசு மருத்துவக் காப்பீட்டு அமைப்பின் தலைவராக இருந்த சீமா வர்மா, 2020-க்குள் மருத்துவர் அலுவலகங்களில் ஃபேக்ஸே இருக்கக் கூடாது என்று 2018-இல் அறைகூவல் விடுத்தார். 2020 வந்து போனது, ஃபேக்ஸ் போகவில்லை. ஒரு மருத்துவமனையின் மென்பொருளும் இன்னொன்றின் மென்பொருளும் பேசிக்கொள்ளாதபோது, எல்லோருக்கும் பொதுவாக இருக்கிற ஒரே மொழி ஃபேக்ஸ்தான். பிரிட்டனின் தேசிய மருத்துவச் சேவை 2019 ஜனவரியிலிருந்து புதிய மெஷின் வாங்கத் தடை போட்டு, 2020 மார்ச் 31-க்குள் பயன்பாட்டை நிறுத்தச் சொன்னது. ஜப்பானில் 2021-இல் அமைச்சர் தாரோ கோனோ அரசு அலுவலகங்களிலிருந்து ஃபேக்ஸை ஒழிக்கப் புறப்பட்டபோது அமைச்சகங்களிடமிருந்து நூற்றுக்கணக்கான ஆட்சேபங்கள் குவிந்தன. முழுத் தடையைக் கைவிட வேண்டியதாயிற்று.

இந்தியாவில் ஃபேக்ஸ் பெரும்பாலும் படிவங்களின் ஒரு கட்டமாகச் சுருங்கிவிட்டது. ஆனாலும் முழுக்கப் போகவில்லை. ஃபேக்ஸிலோ மின்னஞ்சலிலோ வரும் உத்தரவை நம்பிச் செயல்பட வங்கிகள் நிறுவன வாடிக்கையாளர்களிடம் முன்கூட்டியே பொறுப்பேற்புப் பத்திரம் எழுதி வாங்குவது வழக்கம். கொரோனா ஊரடங்கின்போது, 2020 ஜூலை 10-இல், நோட்டீஸையும் சம்மனையும் மின்னஞ்சல், ஃபேக்ஸ், வாட்ஸ்அப், டெலிகிராம், சிக்னல் வழியே அனுப்பலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தப் பட்டியலில் வாட்ஸ்அப்போடு ஒரே வரியில் ஃபேக்ஸ் உட்கார்ந்திருந்தது.

ஃபேக்ஸ் சீட்டின் வாரிசாக நீல டிக் வந்துவிட்டதா? 2018-இல் பாம்பே உயர் நீதிமன்றம் ஒரு கடன் வசூல் வழக்கில், வாட்ஸ்அப்பில் அனுப்பிய நோட்டீஸைப் பெற்றவர் திறந்து பார்த்ததற்கு அந்த டிக் குறிகளை ஆதாரமாக ஏற்றது. மறுபக்கம், 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், விசாரணைக்கு ஆஜராகும்படி காவல்துறை கொடுக்கும் நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் செல்லாது என்றது. ஒருவரின் சுதந்திரம் பறிபோகக்கூடிய இடத்தில் நேரில் கொடுப்பதுதான் முறை என்பது அதன் நிலை. ஒரே டிக் ஓரிடத்தில் செல்லும், இன்னோரிடத்தில் செல்லாது. சாதனத்தை வைத்து இதற்குப் பதில் கிடைக்காது; எதிர்முனையின் விதியில்தான் கிடைக்கும். பதிவுத் தபாலே 2025-இல் விரைவுத் தபாலோடு இணைக்கப்பட்டுவிட்ட காலம் இது. பெயர்கள் மாறும், ஒப்புதல் அட்டையின் தேவை மாறாது.

இதைப் புரிந்துகொண்டு செய்யப்பட்ட நல்ல மாற்று ஒன்றும் நம்மிடம் இருக்கிறது. 2021 ஜூலையில் உச்ச நீதிமன்றம் பிணை கொடுத்தும், உத்தரவு போய்ச் சேரவில்லை என்று ஆக்ரா சிறையில் 13 பேரின் விடுதலை தள்ளிப்போனது. அதைத் தானே கையில் எடுத்துக்கொண்ட நீதிமன்றம், 2022 மார்ச் 31-இல் ‘ஃபாஸ்டர்’ என்ற ஏற்பாட்டைத் தொடங்கியது. டிஜிட்டல் கையெழுத்திட்ட உத்தரவு, முன்பே குறித்து வைத்த அதிகாரிகளின் பாதுகாப்பான மின்னஞ்சல் முகவரிகளுக்கு மட்டும் போகும். யார் அனுப்பியது, யாருக்குப் போனது, எப்போது சேர்ந்தது என்ற மூன்றுக்கும் அதில் பதில் உண்டு. ஃபேக்ஸ் கொடுத்துவந்த உறுதியை, ஃபேக்ஸ் இல்லாமலே அது கொடுக்கிறது.

சீட்டை நாமே எழுதிக்கொள்ளலாம்

குளத்தூர் வட்டத்தில் ஒரு பட்டறை நடத்துபவருக்கு ஃபாஸ்டர் கிடைக்காது. ஆனால் அவருக்கும் ஒரு சட்டம் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு ஒப்புதலைப் பற்றியது. ‘நீங்கள் ஒப்புதல் அனுப்பினால்தான் இந்த மின்னாவணம் என்னைக் கட்டுப்படுத்தும்’ என்று அனுப்புபவர் நிபந்தனை போட்டுவிட்டால், ஒப்புதல் வராதவரை அதை அவர் அனுப்பவே இல்லை என்றுதான் சட்டம் கருதும். இந்த விலைக்கு நான் கட்டுப்படுவது நீங்கள் பெற்றுக்கொண்டதாகச் சொன்ன பிறகுதான் என்று கொட்டேஷனில் எழுத இடம் கொடுப்பது இந்தப் பிரிவு. 13-ஆம் பிரிவு, பெறுபவர் குறித்துக் கொடுத்த கணினி முகவரிக்குள் ஆவணம் நுழையும் கணத்தைச் சேர்ந்த நேரமாகக் கொள்கிறது.

பர்ச்சேஸ் ஆர்டரிலும் ஒப்பந்தத்திலும் இரண்டு வரி சேர்த்தால் போதும். கடிதப் போக்குவரத்து எந்த மின்னஞ்சல் முகவரிக்கு என்று ஒரு வரி. பெற்றுக்கொண்டதை இத்தனை நாளுக்குள் பதில் மின்னஞ்சலில் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று இன்னொரு வரி. மாத்தூர்ப் பட்டறையும் கல்குவாரியும் இதை அச்சடித்த லெட்டர்ஹெட்டிலேயே போட்டுக்கொள்ளலாம். மின்னாவணத்தை நீதிமன்றத்தில் காட்ட நேர்ந்தால், 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழும் வேண்டியிருக்கும். அதனால் வரவையும் அனுப்பலையும் அழிக்காமல் வையுங்கள்.

அரசுக்கும் இதில் வேலை இருக்கிறது. திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு பஸ் ஏறிப் புதுக்கோட்டைக்குப் போய், வரிசையில் நின்று மனுக் கொடுப்பவர், ரசீது கையில் வந்த பிறகே வெளியே வருகிறார். மின்னஞ்சலில் அதே மனுவை அனுப்புகிறவருக்குப் பல அலுவலகங்களில் பதில் சத்தமே இல்லை. அலுவலக முகவரிக்கு வரும் ஒவ்வொரு மின்னஞ்சலுக்கும் எண்ணும் நேரமும் போட்ட ஒப்புதல் தானாகத் திரும்பிப் போக ஒரு மென்பொருள் போதும். அது வந்தால் பாதிப்பேருக்குப் பஸ் செலவு மிச்சம்.

அதுவரை யாராவது ஃபேக்ஸ் கேட்டால் மெஷின் தேடி அலைய வேண்டாம். சந்தா கட்டவும் அவசரப்பட வேண்டாம். முதலில் எதிர்முனையிடம் மூன்று கேள்வி கேளுங்கள். உங்கள் விதிப்படி ஃபேக்ஸ் கட்டாயமா? மின்னஞ்சலில் அனுப்பினால் எழுத்தில் ஒப்புதல் தருவீர்களா? தராவிட்டால், எந்த ஆதாரத்தை ஏற்பீர்கள்? முதல் கேள்விக்கு ஆம் என்றால் மட்டும் பி.டி.எஃப். கோப்பை எடுத்து இணைய ஃபேக்ஸில் ஏற்றுங்கள். இரண்டாவதற்கு ஆம் என்று வந்தால் மின்னஞ்சலே போதும். காசு உங்கள் பையில். மூன்றிலும் பதில் வரவில்லை என்றால், அந்த வாடிக்கையாளருக்குச் சரக்கு ஏற்றும் முன் ஒருமுறை யோசியுங்கள்.